இரண்டாவது கிறிஸ்துமஸ்: புதுத் தம்பதிகள் காசைக் கோட்டைவிடும் இடங்கள்

தலை கிறிஸ்துமஸைப் பற்றிக் கவலையில்லை. பெண் வீட்டில் துணி எடுத்துவிடுவார்கள், மாமியார் பலகாரம் சுட்டுவிடுவார், கேக்கும் யாராவது கொண்டுவந்து தந்துவிடுவார்கள். சிக்கல் அடுத்த வருடம்தான். வாடகை வீடு, இரண்டே பேர், முதல் தடவையாக எல்லாவற்றையும் தாங்களே செய்ய வேண்டும். அங்கேதான் வருடா வருடம் அதே தவறுகளைப் பார்க்கிறோம். நாங்கள் செய்ததும் இவையேதான் என்பதால் கொஞ்சம் எரிச்சலோடே எழுத வேண்டியிருக்கிறது.

பட்டியல் போட்டுக் கடைக்குப் போங்கள், கிரெடிட் கார்டைத் தேய்க்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுவோம். சின்ன பட்ஜெட்டைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பொருளின் விலை அல்ல, அதை வாங்கும் தேதி.

டிசம்பர் சம்பளத்தை நம்புவது

மாதக் கடைசியில் சம்பளம் வாங்குபவருக்கு, டிசம்பர் சம்பளம் வரும்போது கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஆகவே முழுப் பண்டிகையும் நவம்பர் சம்பளத்தில்தான் நடக்கிறது. வாடகை, பால், மளிகை போக மிச்சம் இருப்பது டிசம்பர் முதல் வாரத்தில் மட்டும். அந்த வாரத்திலேயே கெடாத பொருட்களை வாங்கி முடித்துவிட வேண்டும்: துணி, நட்சத்திரம், உலர்பழம், முந்திரி. முட்டையும் வெண்ணெயும் மூன்றாவது வாரம். கறி, காய், பூ 24-ம் தேதி.

டிசம்பரில் முட்டைக்குக் கிராக்கி அதிகம். பேக்கரிகளெல்லாம் கேக்குக்கு வாங்குவதால் நாமக்கல் விலையே ஏறும். அதற்காகப் பயந்து முதல் வாரமே இரண்டு அட்டை வாங்கி அடுக்க வேண்டாம். இருவருக்கான கேக்குக்கு மூன்று முட்டை போதும்.

பயணச் செலவு நீங்கலாக ₹6,000 கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். துணிக்கு 2,000, கேக்குக்கு டின்னோடு சேர்த்து 700, 24 இரவுக்கும் 25 மதியத்துக்கும் சாப்பாட்டுக்கு 1,200, நட்சத்திரம், குடிலுக்கு 500, காணிக்கைக்கும் கேரல்ஸ் வருகிறவர்களுக்கும் 500, புத்தாண்டுக்கு 500. மீதி 600-ஐத் தொடாமல் வையுங்கள். பலர் மறப்பது அந்தப் புத்தாண்டுச் செலவை. டிசம்பர் 31 இரவு ஆராதனை இருக்கிறது, மறுநாள் வீட்டுக்கு ஆள் வருவார்கள். 25-ம் தேதியோடு பணத்தை முடித்துவிட்டால் புத்தாண்டு கடனில்தான் பிறக்கும். கேரல்ஸும் ஒரே குழுவோடு நிற்காது. வாலிபர் சங்கம் ஒரு நாள் வரும், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் இன்னொரு நாள் வருவார்கள். முதல் குழு வருவதற்கு முன்பே தொகையைப் பிரித்துத் தனித்தனி உறைகளில் போட்டு வையுங்கள்.

ஊருக்குப் போகும் டிக்கெட்

பண்டிகைக்கு ஊருக்கே போய்விடுபவர்களுக்கு இது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. டிசம்பர் 23 பயணத்துக்கு அக்டோபர் 24 காலை 8 மணி. திரும்பி வர டிசம்பர் 28 என்றால் அக்டோபர் 29. முத்துநகர், நெல்லை, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் எல்லாம் அன்றே நிரம்பிவிடலாம். பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறையும் அதே வாரம்தான் என்பதால், கிறிஸ்தவர்கள் மட்டும்தானே போவார்கள் என்ற கணக்கு பலிக்காது. போகும் டிக்கெட்டை எடுத்துவிட்டுத் திரும்பும் டிக்கெட்டை மறந்தவர்கள் ஆம்னி பஸ்ஸில் கொடுக்கும் கட்டணத்தில் கிறிஸ்துமஸ் துணியே எடுத்திருக்கலாம்.

கேக்குக்காக ஓவன் வாங்குவது

எங்களுக்கு இன்னும் ஆறாத எரிச்சல் இதுதான். கதை எப்போதும் ஒன்றே. டிசம்பர் 18 வாக்கில் இந்த வருஷம் வீட்டிலேயே கேக் செய்யலாம் என்று ஆசை வரும். பேக்கரிக்காரன் ஒரு கிலோவுக்கு எவ்வளவு வாங்குகிறான் பார் என்று ஒரு கணக்கு. 20-ம் தேதி தவணையில் ஒரு ஓவன் வீட்டுக்கு வரும். 22-ம் தேதி முதல் கேக் மேலே கரிந்து நடுவே பச்சையாக வரும். 23-ம் தேதி இரண்டாவது கேக்குக்குப் பொருள் வாங்க வேண்டும். 24-ம் தேதி மாலை பேக்கரி வாசலில் வரிசையில் நிற்பார்கள். ஒரு கேக்குக்கு மூன்று முறை செலவு, தவணை தனி. ஜனவரியில் அந்த ஓவனுக்குள் வெங்காயம் இருக்கும்.

ஓவன் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. அதன் சூட்டைப் பழக நாலைந்து கேக்காவது வேண்டும், பண்டிகை வாரம் அதற்கான நேரமல்ல. புது ஓவனை (மைக்ரோவேவ் அல்ல, கம்பி சூடாகும் வகை) முதலில் கால் மணி நேரம் காலியாக ஓடவிட்டு, கம்பியில் பூசியிருக்கும் எண்ணெய் வாடையைப் போக்க வேண்டும். இதைச் செய்யாதவர்களின் கேக்கில் அந்த வாடை ஏறும். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் முழுதாக எரியவிட்டால் சின்ன ஓவனில் கேக்கின் தலை கம்பிக்கு மிக அருகில் இருப்பதால் மேலே சீக்கிரம் கறுத்துவிடும். கீழ்க் கம்பி மட்டும், 160 டிகிரி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் என்பதுதான் பழக்கூட்டு நிறைந்த கேக்குக்குச் சரி. இன்னொன்று, ஓவனின் பிளக் பெரும்பாலும் 16 ஆம்பியர் தடித்த பிளக். வாடகை வீட்டில் அந்த சாக்கெட் ஃபிரிட்ஜிடமோ ஹீட்டரிடமோ மாட்டியிருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி ஒரு மணி நேரம் ஓட்டினால் பாக்ஸ் உருகக்கூடும்.

அடுப்பே போதும். பழைய கனமான அலுமினியக் குண்டானில் ஒரு கிலோ கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, கனமான மூடி போட்டு நடுத்தரத் தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். கேக் டின் உள்ளே போனதும் தீயைச் சிம்முக்குக் குறைத்துவிட வேண்டும். நல்ல பிரஷர் குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். தண்ணீரில்லாமல் ஒரு மணி நேரம் காய்ந்தால் அடி வளைந்துவிடும், பிறகு பருப்பு வேகாது. நான்ஸ்டிக் பாத்திரமும் வேண்டாம், பூச்சு போய்விடும்.

ஏறக்குறைய 900 கிராம் கேக்குக்கு அளவு இது: மைதா 180 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 125, பொடித்த சர்க்கரை 100, கருக்குவதற்குச் சர்க்கரை 75, முட்டை 3, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு சேர்த்து இடித்த பொடி முக்கால் தேக்கரண்டி, பழக்கூட்டு 250 கிராம். டின் 7 அங்குல வட்டம், 3 அங்குல உயரம். முக்கால் பங்குக்கு மேல் மாவு ஊற்றக் கூடாது.

பழக்கூட்டில்தான் பலர் வீணாகச் செலவழிக்கிறார்கள். எப்படியும் நறுக்கத்தான் போகிறோம், முழு முந்திரி எதற்கு? உடைத்த முந்திரி போதும். கறுப்பு உலர்திராட்சை 100 கிராம், பேரீச்சை 60, டூட்டி ஃப்ரூட்டி 50, முந்திரி 40. டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய்தான், விலை குறைவு. அதைச் சேர்ப்பதில் வெட்கம் வேண்டாம். ரம்மில் ஊறவைப்பவர்கள் அக்டோபரிலேயே தொடங்கியிருப்பார்கள். நீங்கள் 100 மில்லி ஆரஞ்சு அல்லது கறுப்புத் திராட்சைச் சாற்றில் பழங்களை மட்டும் போட்டு, சிம்மில் மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளில் நன்றாக ஊறிவிடும். ரம்போல நினைத்து இதை வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும். முந்திரியை ஊறவைக்க வேண்டாம், கடைசியில் சேர்த்தால் போதும்.

அடுத்து சர்க்கரைப் பாகு. கனமான பாத்திரத்தில் 75 கிராம் சர்க்கரையைச் சிம்மில் உருகவிடுங்கள். தேன் நிறம் தாண்டி அடர்ந்த செம்பழுப்பு வந்து லேசாகப் புகை எழும் நொடியில் அடுப்பை அணைத்து, 75 மில்லி வெந்நீரை ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பாகு கட்டியாகி, கையிலும் தெறிக்கும். நிறம் வரட்டும் என்று இன்னும் அரை நிமிடம் விட்டால் கறுத்துவிடும். அந்தக் கசப்பு கேக் முழுக்க இறங்கும், எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் மறையாது. 75 கிராம் சர்க்கரைதானே, அதைக் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். பாகு முழுக்க ஆறிய பிறகே கலவையில் சேர்க்க வேண்டும். சூடாக ஊற்றினால் வெண்ணெய் உருகி ஓடும், முட்டை திரியும், கேக் களியாகும்.

வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பிறகு பாகு, பிறகு பேக்கிங் பவுடரும் இடித்த பொடியும் சேர்த்துச் சலித்த மைதா. பழத்தை வடிகட்டி, அந்த மைதாவிலேயே ஒரு கரண்டி எடுத்துப் புரட்டிப் போட்டால் அடியில் போய்த் தங்காது. மாவு விழுந்த பிறகு பீட்டரைத் தொடாதீர்கள், கரண்டியால் மடித்துக் கலக்குவது போதும். அடுப்பில் 60 முதல் 75 நிமிடம். முதல் 40 நிமிடம் மூடியைத் திறந்து பார்க்கவே கூடாது, திறந்தால் நடுவே குழி விழும். குச்சியை இரண்டு இடத்தில் குத்திப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்தினால் பழம் ஒட்டியதா மாவு ஒட்டியதா என்று தெரியாது.

சுட்ட அன்றே வெட்டாதீர்கள், உதிரும். 21 அல்லது 22-ம் தேதி சுட்டு, ஆறியதும் பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் மூடி வைத்தால் 24 இரவுக்குச் சரியாக இருக்கும். 40 கிராம் துண்டாக வெட்டினால் இருபது துண்டுக்கு மேல் வரும். தீபாவளிக்கு முறுக்கும் பக்ரீத்துக்குப் பிரியாணியும் தந்த வீடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு எத்தனை துண்டு என்று முடிவு செய்யுங்கள்.

இதுவும் பயமாக இருக்கிறதா? மாவை வீட்டில் கலந்து கொண்டுபோனால் கூலிக்குச் சுட்டுத் தரும் சின்ன பேக்கரிகள் சில ஊர்களில் உண்டு. 20-ம் தேதிக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். இல்லையென்றால் அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். ஓவன் மட்டும் வேண்டாம்.

ஐந்து வகைப் பலகாரம்

ஒன்று போதும். முந்திரிக்கொத்து, அதிரசம், கல்கல், அச்சு முறுக்கு என்று ஊரில் அம்மா செய்தது பத்துப் பேர் உள்ள வீட்டுக்கு. இரண்டு பேர் அதையே செய்தால் இரண்டு லிட்டர் எண்ணெய் வீண்.

அச்சு முறுக்கைத் தேர்ந்தெடுத்தால் ஒரு எச்சரிக்கை. புது அச்சு மாவை விடவே விடாது. முந்தைய இரவே எண்ணெயில் மூழ்க வைத்துவிட்டு, மறுநாள் காயும் எண்ணெயில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். ஒவ்வொரு முறையும் அச்சைச் சூடாக்கி, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்க வேண்டும். மேல்விளிம்புக்கும் மாவு ஏறிவிட்டால் முறுக்கு அச்சைக் கவ்விக்கொள்ளும். அச்சு ஆறியிருந்தால் மாவு பிடிக்காது. அதிகமாகக் காய்ந்திருந்தாலும் மாவு வெந்து மாவுப் பாத்திரத்திலேயே விழுந்துவிடும். முதல் நாலைந்து வீணாகும், அது எல்லோருக்கும் ஆவதுதான்.

காகித நட்சத்திரத்தை மழையில் தொங்கவிடுவது

டிசம்பர் முதல் பாதியில் வடகிழக்குப் பருவமழை இன்னும் முடிந்திருக்காது. வெளிவாசலில் கட்டிய காகித நட்சத்திரம் ஒரே இரவில் கூழாகும். பால்கனிக்கு உள்பக்கமோ ஜன்னலுக்குள்ளோ கட்டுங்கள். பல்பு 7 வாட் எல்.இ.டி. போதும். தினம் 6 மணி நேரம் என்று டிசம்பர் 1 முதல் ஜனவரி 6 வரை எரிந்தாலும் ஒன்றரை யூனிட்தான். பழைய 60 வாட் குண்டு பல்பு அதே கணக்கில் 13 யூனிட் தின்னும், காகிதத்தையும் கருக்கும். ஒயரை நடுவில் வெட்டி டேப் சுற்றி நீட்ட வேண்டாம். சாரல் பட்டால் ஷாக் அடிக்கும். ஹோல்டரிலிருந்து பிளக் வரை ஒரே ஒயராக இருக்கட்டும்.

பிளாஸ்டிக் மரம்

வேண்டாம். சவுக்குக் கிளை ஒன்று, மணல் நிரப்பிய வாளி ஒன்று.

குடிலுக்குப் புல் வாங்குவது

கடையில் விற்கும் பச்சைப் பாய் எதற்கு? கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, தட்டில் இரண்டு அங்குல மண்ணில் டிசம்பர் 15 அன்று தூவுங்கள். 24-ம் தேதி நாலு விரல் உயரம் நிற்கும். மெல்லிய புல் வேண்டுமானால் கேழ்வரகு, அதற்கு 12-ம் தேதி. ஆர்வத்தில் முதல் வாரமே விதைத்தால் பண்டிகை நாளில் மஞ்சளாகிச் சாய்ந்து கிடக்கும். சுரூபங்களில் முதல் வருடம் மூன்று போதும்: மரியாள், சூசை, பாலன். ஆடு, மேய்ப்பர், ஞானிகள் எல்லாம் வருடத்துக்கு ஒன்றாகச் சேரட்டும்.

25 காலை கறிக்கடை வரிசை

நள்ளிரவு ஆராதனை முடிந்து வந்து மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு அந்த வரிசையில் நின்றால் கிடைப்பது எலும்புதான். 23-ம் தேதி கடையில் சொல்லிவைத்து, 24 மாலை அரைக் கிலோ வாங்கித் தயிர், இஞ்சி பூண்டு விழுது புரட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். பிரியாணிக்குச் சீரகச் சம்பா 300 கிராம். இருவர் சாப்பிட்டு இரவுக்கும் மிஞ்சும்.

ஜாக்கெட் தைக்கக் கொடுப்பது

டிசம்பர் 5-க்குள். அதற்கு மேல் போனால் அவசரக் கூலி, இல்லையென்றால் ரெடிமேட்.

ஒருவருக்கொருவர் ரகசியப் பரிசு

துணிக்கு ஒதுக்கிய 2,000 இரண்டு பேருக்குமானது. இருவரும் தனித்தனியாக, மற்றவருக்குத் தெரியாமல், அதே 2,000-ஐ முழுதாகச் செலவழித்துவிட்டு 24 இரவு பொட்டலம் பிரித்துப் பார்த்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. தொகையை முன்பே பேசிவிடுங்கள், தலைக்கு இவ்வளவு என்று. என்ன வாங்குவது என்பது மட்டும் ரகசியமாக இருக்கட்டும்.