எடை தூக்கியும் தொப்பை குறையவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொப்பை குறையணும்னா சின்ன வெயிட்டை நிறைய தடவை, உடம்பு ஏறணும்னா பெரிய வெயிட்டைக் கொஞ்சத் தடவை. கீழக்கரையிலிருந்து தொண்டி வரை எந்த ஜிம்முக்குப் போனாலும் இந்த அறிவுரை காதில் விழும். பலருடைய உழைப்பை வீணாக்குவது இதுதான்.

கொழுப்பு குறைவது சாப்பாட்டுக் கணக்கில். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஒரு மணி நேரம் எடை தூக்கினால் செலவாவது சில நூறு கலோரிதான். திரும்பி வரும் வழியில் ரெண்டு பரோட்டா, சால்னா என்று உட்கார்ந்தால் கணக்கு சரியாகிவிடும். சரி, பிறகு எதற்கு எடைப் பயிற்சி? சாப்பாட்டைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். அந்தத் தசையைக் காப்பாற்றத்தான். வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்கவும் முடியாது.

ஒவ்வொரு வகைப் பயிற்சிக்கும் ஒரு வேலை உண்டு. செட்டுக்கு, அதாவது இடைவிடாமல் தூக்கும் ஒரு சுற்றுக்கு, 3 முதல் 5 தடவை மட்டுமே தூக்க முடிகிற கனமான எடை, பலத்துக்கு. தசை பெருக 6 முதல் 12 தடவை வசதியானது. 25 தடவை தூக்கும் எடையிலும் தசை வளரும். ஆனால் செட் முடியும்போது இன்னும் இரண்டு மூன்று தடவைக்கு மேல் முடியாது என்ற நிலை வந்திருக்க வேண்டும். ஓய்வில்லாமல் அடுத்தடுத்துச் செய்யும் சர்க்யூட்டில் தசை களைக்கும் முன்பே மூச்சு வாங்கிவிடும். மூச்சுத் தாங்கும் திறன் கூட அது நல்லது, தசைக்கு அவ்வளவாக உதவாது. தசைதான் வேண்டும் என்றால் செட்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் உட்காருங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

'வலை இழுக்கிறவனுக்கு ஜிம் எதுக்குப்பா?' என்று பெரியவர்கள் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. கரைவலை இழுப்பதைக் கவனியுங்கள். குதிகால் மணலில் புதைய, உடம்பைப் பின்னால் சாய்த்து, கயிற்றை விடாமல் பின்னோக்கியே அடி வைக்கிறார்கள். முதுகும் முன்கையும் இரும்பாகிவிடும். ஆனால் அந்த வேலையில் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. மார்புக்கும் தோளின் முன்பக்கத்துக்கும் பங்கு குறைவு. சுமையும் வாராவாரம் கூடுவதில்லை. பழகிய சுமைக்கு உடம்பு மேற்கொண்டு வளராது. அப்படிப்பட்டவர் ஜிம்மில் தள்ளும் பயிற்சியும் பஸ்கியும் செய்ய வேண்டும். பலர் மறுபடியும் கையைத்தான் மடக்கி மடக்கித் தூக்குகிறார்கள்.

கடற்கரையில் தண்டால் எடுப்பவர்களுக்கும் இதே பாடம்தான். நாற்பது சுலபமாக வந்த பிறகு அறுபதுக்குப் போவதைவிட, பழைய பையில் மணலை நிரப்பி முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். பதினைந்திலேயே கை நடுங்கும். தசைக்கு வேண்டியது அந்த நடுக்கம்.

எடை தூக்கினால் ஆம்பளை உடம்பு வந்துவிடும் என்று பெண்கள் பயப்பட வேண்டாம். தசையைப் பெருக்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், ஆண்களுக்கு இருப்பதில் சிறு பங்குதான் பெண்களுக்கு.

அப்புறம் தராசு. தசை கூடி, கொழுப்பு குறைந்து, எடை அப்படியே நிற்கலாம். நம் கடலோரப் புழுக்கத்தில் ஒரே காலையில் ஒரு கிலோ வியர்வையாகப் போகும்; அது வெறும் தண்ணீர். மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மணலில் ஓடுவது ஆபத்து, அதனால் கொழுப்பும் கூடுதலாகக் குறையாது. இஞ்சு டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் கவனம் தேவை.

புரதப் பவுடர் டப்பாவுக்குக் காசைக் கொட்டுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம். எடை தூக்குகிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். நூறு கிராம் மீனில் சுமார் 20 கிராம் கிடைக்கும். சாளையும் நெத்திலியும் வாசலுக்கே வரும் ஊர் இது. முட்டை, பருப்பு சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். கருவாட்டில் புரதம் அதிகம்தான், உப்பும் அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவாகச் சாப்பிட வேண்டும்.

விசைப்படகில் போகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் தினமும் ஜிம்முக்குப் போய்விட்டு, கடலுக்குத் திரும்பியதும் அடியோடு நிறுத்திவிடக் கூடாது. வளர்ந்த தசையைத் தக்கவைக்க முன்பு செய்த செட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு போதும். தூக்கும் எடையை மட்டும் குறைக்காதீர்கள். கரையில் இருக்கும் நாளில் ஒரு பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளுவது), ஒரு பஸ்கி, இரண்டு மூன்று செட் என்றால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.