தெருமுனைப் பூங்காவைத் தேற்றுவது எப்படி? முதன்முறையாக இறங்குகிறவர்களுக்கு

துருப்பிடித்த சறுக்குமரம், கால் உடைந்த சிமென்ட் பெஞ்சு, மூலையில் முட்டளவு வளர்ந்த பார்த்தீனியம், வாசலில் பூட்டு. சென்னையில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் இப்படி ஒரு பூங்கா அகப்படும். "யாராவது ஏதாவது செய்யக் கூடாதா" என்று புலம்பிக்கொண்டே கடந்து போகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூங்கா என்றதும் எல்லோரும் செடி வாங்க ஓடுகிறார்கள். செடி கடைசி வேலை. கீழே உள்ள வரிசையைக் கொஞ்சம் அலுப்பாக இருந்தாலும் அப்படியே பின்பற்றுங்கள்.

1. இடம் யாருடையது?

பார்க்கப் பூங்கா மாதிரி இருப்பதெல்லாம் மாநகராட்சிப் பூங்கா இல்லை. வீட்டு வசதி வாரிய இடமாக இருக்கலாம், கோயில் நிலமாக இருக்கலாம், ரயில்வே இடமாகக்கூட இருக்கலாம். இன்னொரு வகை 'ஓஎஸ்ஆர்' நிலம், அதாவது திறந்தவெளிக்கென்று ஒதுக்கிய நிலம். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவோ கட்டடமோ போடுகிறவர்கள் அதில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்படிக் கொடுத்த நிலம் பல இடங்களில் பூங்காவாகாமல் கட்டட இடிபாடு கொட்டும் இடமாகக் கிடக்கிறது. உங்கள் தெருமுனைக் காலி மனையும் அதுவாக இருக்க வாய்ப்புண்டு.

பெருநகர சென்னை மாநகராட்சியில் 200 வார்டு. உங்கள் வார்டு எண்ணைத் தெரிந்துகொண்டு வார்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பாருங்கள். இடம் யார் பெயரில் இருக்கிறது, பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறதா, ஒப்பந்தக்காரர் யார் என்ற மூன்றையும் கேளுங்கள். தாம்பரம், ஆவடி பக்கத்துக்காரர்கள் கவனிக்க: ஆவடி 2019லும் தாம்பரம் 2021லும் தனி மாநகராட்சி ஆகிவிட்டன. நீங்கள் போக வேண்டிய அலுவலகம் வேறு.

அப்புறம் ஒரு பக்கத்தில் கடிதம். நீளமாக எழுதாதீர்கள். "இந்தப் பூங்காவில் ஞாயிறுதோறும் காலையில் இப்பகுதிவாசிகள் சுத்தம் செய்யவும், இலை உரக்குழி அமைக்கவும், மழைக்காலத்தில் மரக்கன்று நடவும் அனுமதி வேண்டும்" என்பது போதும். கீழே பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்களின் கையெழுத்து இருக்கட்டும். ஒரு பிரதி எடுத்துப்போய் 'பெறப்பட்டது' முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது "உங்களை யார் உள்ளே விட்டது?" என்று கேட்டால் காட்ட அந்த முத்திரைதான் இருக்கும். கவுன்சிலருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அவருக்குத் தெரியாமல் எதையும் தொடங்க வேண்டாம். 2022இல் வந்த விதிகளின்படி வார்டு குழு, பகுதி சபை (பகுதிவாசிகள் கூடிக் குறைகளைப் பேசும் கூட்டம்) என்ற அமைப்புகள் உண்டு. உங்கள் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று அவரிடமே கேட்டுவிட்டு வாருங்கள்.

2. யார் ஏற்கெனவே இருக்கிறார்கள்?

வாட்ஸப் குழு ஆரம்பிப்பதற்கு முன்னால், காலை ஆறு மணி, மதியம் இரண்டு மணி, மாலை ஆறரை என மூன்று வேளையும் அங்கே போய்ச் சும்மா உட்காருங்கள். பூங்கா காலியாக இல்லை என்பது புரியும். விடியற்காலையில் நடைப்பயிற்சிப் பெரியவர்கள், மதியம் நிழலில் சாப்பாட்டுப் பை விரிக்கும் டெலிவரிப் பையன்கள், கொஞ்சம் கண்ணயரும் தூய்மைப் பணியாளர்கள், சாயங்காலம் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள், வாசலில் இஸ்திரி வண்டி. இவர்களைக் கேட்காமல் போடும் திட்டம் இவர்களை வெளியே தள்ளும் திட்டமாகத்தான் முடியும். 'மதியம் 12 முதல் 4 வரை மூடப்படும்' என்ற பலகை எனக்குப் பிடிக்காது. வெயிலுக்கு ஒதுங்க நிழல் தேவைப்படுகிற நேரமே அதுதானே.

பேச்சை இப்படித் தொடங்கலாம்:

"அண்ணே, இந்த பார்க்குல என்ன பண்ணா நல்லாருக்கும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம் தம்பி. அந்தக் குழாய மட்டும் சரி பண்ணச் சொல்லு. தண்ணி வந்து ரெண்டு வருசம் ஆவுது."

இந்த மாதிரி ஒரு பதில் கிடைத்துவிட்டால் முதல் வேலை எது என்பதும் முடிவாகிவிட்டது. குழாய், எரியாத விளக்கு, உடைந்த சுவர் போன்றவற்றுக்குச் சென்னை மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் கொடுத்துப் புகார் எண்ணை எழுதி வையுங்கள். அவற்றை நாமே சரிசெய்யப் போக வேண்டாம். மின்சாரம் சம்பந்தப்பட்டதைத் தொடவே கூடாது.

நிரந்தரமாக வர ஐந்து பேர் போதும். ஐம்பது பேர் கைதூக்குவார்கள், கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஐந்து பேர் ஒரே அடுக்ககத்துக்காரர்களாக இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. முதல் ஞாயிறு: குப்பை

காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுங்கள். அதற்குமேல் வெயிலும் ஏறும், வீட்டிலிருந்து போனும் வரும். தடித்த கையுறை, மூடிய செருப்பு அல்லது ஷூ, இரண்டு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, இரும்புச் சட்டி, நீளக் குச்சி, கோணிப் பைகள். புதரில் கை விடுமுன் குச்சியால் தட்டுங்கள். பாம்பு கண்ணில் பட்டால் விலகி நின்று 101க்குச் சொல்லுங்கள். தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள்.

பார்த்தீனியத்தைப் பூ வைப்பதற்கு முன்னால் வேரோடு பிடுங்க வேண்டும். மூச்சுத்திணறல், தோல் அரிப்பு உள்ளவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம். மற்றவர்களும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

குப்பையை நான்காகப் பிரியுங்கள்: இலை தழை, பிளாஸ்டிக், கண்ணாடி, கட்டட இடிபாடு. பிரித்த குப்பையை எப்போது, எந்த வண்டியில் ஏற்றலாம் என்று அந்தத் தெருத் தூய்மைப் பணியாளரிடம் முந்தைய நாளே கேட்டுவைத்தால் சாக்குகள் வாசலிலேயே கிடந்து நாறாது. இடிபாட்டுக்குத் தனி வண்டி வேண்டும், அதற்கும் 1913தான். எதையும் கொளுத்தாதீர்கள். குப்பை எரிப்பது சட்டப்படி குற்றம்.

ஐந்தாவதாக ஒரு வகை உண்டு, அதை யாரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை. அரசமரத்தடியிலோ வேப்பமரத்தடியிலோ சாய்த்து வைத்திருக்கும் பழைய சாமி படங்கள். கண்ணாடி விரிசல் விட்டிருக்கும், சட்டத்தைச் செல் அரித்திருக்கும், லட்சுமி முகத்தில் பாதி தண்ணீர் பட்டு வெளுத்திருக்கும். வீட்டில் வைக்கவும் மனமில்லாமல் குப்பையில் போடவும் பயந்து மரத்தடியில் விட்டுப் போனவை. இளைஞர்கள் கை வைக்கத் தயங்குவார்கள், வைத்தாலும் யாராவது சண்டைக்கு வருவார்கள். இந்த வேலையைத் தெருவில் எல்லோரும் மதிக்கிற ஒரு பாட்டியிடமோ பக்கத்துக் கோயில் அர்ச்சகரிடமோ ஒப்படையுங்கள். அவர் ஒரு கற்பூரம் காட்டிவிட்டு, "கண்ணாடி தனியா எடுங்க, சட்டம் தனியா, காகிதத்தை உரக்குழியில போடலாம், மண்ணோட போகட்டும்" என்று சொல்லிவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

4. இலை உரக்குழி

பூங்காக் குப்பையில் பாதிக்கு மேல் காய்ந்த இலைதான். அதை வெளியே அனுப்பிவிட்டு உரத்தைக் காசு கொடுத்து வாங்குவது என்ன கணக்கோ.

மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். தண்ணீர் தேங்காத மேடான மூலை. தோண்ட முடியாத இடமென்றால் கம்பி வலையை வட்டமாக நிறுத்தினாலும் போதும். ஓரடி இலை, அதன்மேல் ஒரு வாளி சாணக் கரைசல் அல்லது புளித்த மோர் கலந்த தண்ணீர், மேலே இரண்டு கை மண். இப்படியே அடுக்கிக்கொண்டு போங்கள். சாப்பாட்டு மிச்சம் வேண்டாம், எலி வரும்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க உள்ளிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்த்தால் பதம். ஒழுகினால் காய்ந்த இலை சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று நான்கு மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண் வாசனை வரும். ஆனி மாதம் தொடங்கினால் ஐப்பசி நடவுக்கு உரம் தயார்.

5. மண்ணைப் பார்த்து மரம்

சென்னை மண் ஒரே மாதிரி இல்லை. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் மணல். அண்ணா நகர், மேற்கு மாம்பலத்தில் களி. கிண்டி, வேளச்சேரியில் சில இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. எங்கேயாக இருந்தாலும் மேலே போட்ட நிரப்பு மண்ணில் செங்கல் துண்டு கிடக்கும். ஓரடிக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, அது இறங்கியதும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிடும், களியில் மறுநாளும் நிற்கும்.

மணலுக்குப் புன்னை, பூவரசு. களிக்கு நாவல், நீர்மருது, புங்கம். மகிழமும் சரக்கொன்றையும் பெரும்பாலான இடத்தில் வரும். இடம் சிறியதென்றால் பவளமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி. பிள்ளைகள் ஆடும் இடத்தில் அரளி வேண்டாம், அது விஷம். சீக்கிரம் பச்சையாகத் தெரியும் என்று கோனோகார்பஸ் வைக்கச் சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை நேரில் பார்த்த ஊர் இது. குல்மொஹர், தூங்குமூஞ்சி, பெல்டோபோரம் எல்லாம் வேரோடு விழுந்து கிடந்தன. வேகமாக வளர்வதை மட்டும் பார்த்து மரம் தேர்ந்தெடுக்கக் கூடாது.

குழி இரண்டடிக்கு இரண்டடிக்கு இரண்டடி. ஆவணியிலேயே வெட்டி ஆறவிடுங்கள். நடவு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி. இடுப்பளவுக்கு மேல் வளர்ந்து தண்டு கெட்டியான கன்றாகப் பாருங்கள். தோண்டிய மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு இலை உரம் கலந்து நிரப்பி, பை மண் உடையாமல் கன்றை இறக்குங்கள். பக்கத்தில் மூங்கில் குச்சி நட்டுச் சணல் கயிற்றால் எட்டுப் போட்ட மாதிரி தளர்வாகக் கட்டுங்கள். கம்பி கூடாது, தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். இலைச் சருகைச் சுற்றிலும் நான்கு விரற்கடை பரப்பி, தண்டில் ஒட்டாமல் விலக்கி வையுங்கள்.

புதுக் கன்று நடுவதற்கு முன் பழைய மரங்களையும் ஒரு பார்வை பாருங்கள். நடைபாதை போடும்போது தண்டு வரைக்கும் சிமென்ட் பூசியிருப்பார்கள். பட்டை அதன்மேல் வழிந்து வீங்கியிருக்கும், ஒரு சொட்டு மழை உள்ளே இறங்காது. உதவிப் பொறியாளரிடம் சொல்லிச் சுற்றிலும் ஒரு மீட்டராவது உடைத்துவிட ஏற்பாடு செய்யுங்கள். கடப்பாரையை வெளியிலிருந்து தண்டை நோக்கிக் குத்தாமல், பக்கவாட்டில் நெம்பி எடுக்க வேண்டும். வேர் அடிபடக் கூடாது. விளம்பரப் பலகை ஆணிகளையும் பிடுங்கிவிடலாம். கிளை வெட்டுவது மட்டும் அனுமதி இல்லாமல் கூடாது. ஒரு பொது இடத்தை ஊர்க்காரர்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்று பார்க்க, அடையாற்றங்கரையில் மரங்களைப் பாதுகாக்கும் 'நிழல்' அமைப்பினர் வளர்த்த கோட்டூர்புரம் மரப்பூங்காவுக்கு ஒரு நாள் போய்வாருங்கள்.

6. தண்ணீர்

நட்ட அன்று போட்டோவுக்கு முப்பது பேர் நிற்பார்கள். சித்திரைக் கத்திரியில் குடம் தூக்க யார் வருவார்கள் என்பதுதான் கேள்வி. அதனால் கன்றின் எண்ணிக்கையை இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், தண்ணீர் ஊற்றச் சம்மதித்த வீடுகளை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு கன்று. எட்டு வீடு சொன்னால் பதினாறு கன்று, அவ்வளவுதான்.

மழை நின்ற தை மாதத்திலிருந்து வாரம் இருமுறை, கன்றுக்கு ஒரு பெரிய வாளி. தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட இது மேல். வேர் ஆழமாகப் போகும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்லது. ஆர்ஓ கழிவுநீரில் உப்பு கூடுதல், அதையே நம்பி ஊற்ற வேண்டாம். இரண்டு கோடை தாண்டிவிட்டால் பெரும்பாலான நாட்டு மரங்கள் தானே சமாளித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வேறு வேலை: தேங்காய் ஓடு, டயர், உடைந்த தொட்டி எதிலும் தண்ணீர் நிற்கவிடாதீர்கள், டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும்.

7. காசு, கூட்டம்

ஆரம்பத்தில் சந்தா வசூலிக்காதீர்கள். பொருளாகக் கேளுங்கள்: ஒரு மண்வெட்டி, இரண்டு கன்று, ஞாயிறு காலைக்குப் பத்து டீ. பெரிய வேலைக்கு 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். கணக்கைப் பூங்கா வாசலிலேயே ஒட்டிவிடுங்கள்.

மரம் வளரும்வரை ஜனங்கள் வர ஒரு காரணம் வேண்டும். மாதம் ஒரு சாயங்காலம் கேரம், ஆகஸ்ட் 15க்குக் கொடி, போகிக்கு முன்னால் பழைய துணி, டயர் சேகரிப்பு, பொங்கலுக்குக் கோலப் போட்டி. ஒலிபெருக்கி மட்டும் வேண்டாம். பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கும்.

8. புல்வெட்டி வரும் நாள்

இது யாரும் எழுதாத பிரச்சினை. ஒப்பந்த ஆட்கள் புல் வெட்டும் இயந்திரத்தோடு வருவார்கள். புல்லுக்கும் ஆறு மாதக் கன்றுக்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, சொல்ல ஆளும் இருக்காது. ஒவ்வொரு கன்றையும் சுற்றி மூன்று குச்சி நட்டு, முனையில் வெள்ளை பெயின்ட் அடித்து, ஓரடி வட்டத்துக்குக் கையாலேயே களை எடுத்து வையுங்கள். மேற்பார்வையாளர் போன் எண்ணை வாங்கி, "சார், வர்றதுக்கு முந்தின நாள் ஒரு மிஸ்டு கால் குடுங்க, நாங்க ஒரு ஆள் வந்து நிக்கிறோம்" என்று சொல்லிவையுங்கள். அன்றைக்கு நிற்பவர் யார் என்ற பெயரும் உங்கள் வாட்ஸப் குழுவில் முன்கூட்டியே இருக்கட்டும்.