ஊருக்கு ஊர் மாறும் லுகேமியா வீதம்: அட்டவணையைப் படிக்கும் முறை

இரண்டு மாவட்டங்களின் லுகேமியா எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் பெரிய எண்ணின் மீதுதான் முதலில் போகும். அடுத்த நொடியே ஆலைக் கழிவா, செல்பேசிக் கோபுரமா, பூச்சிமருந்தா என்று காரணம் தேடத் தொடங்கிவிடுகிறோம். அந்த இரு எண்களும் ஒரே பொருளைத்தான் எண்ணுகின்றனவா, ஒரே முறையில்தான் வகுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு முன் காரணத்துக்குப் போகக் கூடாது. புற்றுநோயாளிகளைப் பதிந்து எண்ணும் பதிவகங்களின் அறிக்கைகளைக் கையில் எடுக்கும் மாணவரும் செய்தியாளரும் சுகாதாரத் துறை ஊழியரும் ஒரு பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் சிக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. ‘ரத்தப் புற்றுநோய்’ என்று நாளிதழ் எழுதும்போது அது ரத்த வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் லுகேமியாவை மட்டும் குறிக்கலாம். நிணநீர் மண்டலத்தில் வரும் லிம்போமாவையும் மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களில் வரும் மைலோமாவையும் சேர்த்தும் குறிக்கலாம். மூன்றையும் சேர்த்து எண்ணிய அறிக்கையை லுகேமியாவை மட்டும் எண்ணிய அறிக்கையோடு ஒப்பிட்டால், நோய் எதுவும் கூடாமலேயே ஓர் ஊர் ‘இரு மடங்கு’ ஆகிவிடும். ஆகவே அட்டவணையின் தலைப்பை நம்பாமல் குறியீட்டைத் தேடுங்கள். பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் லுகேமியா சி91 முதல் சி95 வரை உள்ள குறியீடுகளில் அடங்கும்: சி91 லிம்பாய்டு வகை, சி92 மைலாய்டு வகை, சி93 மோனோசைட் வகை, சி94 பெயர் குறித்த பிற வகைகள், சி95 எந்த வகை என்று குறிக்கப்படாதவை. இந்தக் கடைசிக் குறியீட்டின் பங்கை நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். அது பெரிதாக இருந்தால், அந்த வட்டாரத்தில் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் செல்வகை ஆய்வும் பல நோயாளிகளுக்குச் செய்யப்படவில்லை, அல்லது செய்யப்பட்டும் முடிவு பதிவகத்துக்கு வந்து சேரவில்லை என்று பொருள். அத்தகைய தரவை வைத்துக்கொண்டு வகைவாரியாக ஒப்பிட இயலாது.

வகைவாரியாகப் பிரிப்பது ஏன் அவசியம் என்றால், லுகேமியா ஒரே நோய் அன்று. மருத்துவமனைகளில் ஏ.எல்.எல். என்று சுருக்கமாகச் சொல்லும் தீவிர லிம்பாய்டு வகை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் உச்சத்தை அடைகிறது. ஏ.எம்.எல். எனும் தீவிர மைலாய்டு வகை வயது ஏற ஏறக் கூடுகிறது. சி.எல்.எல். எனும் நாட்பட்ட லிம்பாய்டு வகை ஏறக்குறைய முழுவதும் முதியோருக்கு வருவது. சி.எம்.எல். எனும் நாட்பட்ட மைலாய்டு வகை நடுத்தர வயதிலிருந்து மெல்ல ஏறிச் செல்வது. நான்கையும் ஒரே கூடையில் போட்டு எடுத்த வீதம், குழந்தைகள் நிறைந்த ஊரில் ஒரு நோயையும் முதியோர் நிறைந்த ஊரில் வேறொரு நோயையும் அளந்து கொண்டிருக்கும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ஆம் ஆண்டுக்கு உலக அளவில் சுமார் 4.87 லட்சம் புதிய லுகேமியா நோயாளிகள் என்று மதிப்பிட்டது; அந்த ஒற்றை எண்ணுக்குள் இந்த நான்கு வகையும் அவற்றின் கிளை வகைகளும் கலந்தே இருக்கின்றன. அது மதிப்பீடுதானே தவிரத் தலை எண்ணிக்கை அன்று என்பதையும் மறக்க வேண்டாம். பதிவகம் இல்லாத நாடுகளுக்கு அண்டை நாட்டின் தரவையோ இறப்புக் கணக்கையோ கொண்டு இட்டு நிரப்புகிறார்கள்.

அடுத்து, யாரை எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும். மருத்துவமனைசார் பதிவேடு அங்கே வந்து சேர்ந்தவர்களின் பட்டியல் மட்டுமே. பெரிய புற்றுநோய் மருத்துவமனைக்கு ஆந்திராவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நோயாளிகள் வருவார்கள்; அவர்களை வகுக்க எந்த ஊரின் மக்கள்தொகையும் பொருந்தாது. ஆகவே வீதத்தைக் கணக்கிட, குறிப்பிட்ட பகுதியில் வாழும் எல்லோரிடையேயும் தெரியவரும் நோயாளிகளைப் பதியும் மக்கள்தொகைசார் பதிவகம் தேவை. இந்தியாவில் அத்தகைய முதல் பதிவகம் 1960-களின் முற்பகுதியில் மும்பையில் தொடங்கியது; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு தேசியப் புற்றுநோய்ப் பதிவகத் திட்டத்தை 1981-இல் தொடங்கியபோது சென்னையும் அதில் இணைந்தது, பதிவகம் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் அமைந்தது. இத்திட்டத்தின் விதிப்படி, நோய் கண்டறியப்படும் முன் குறைந்தது ஓராண்டு அந்தப் பகுதியில் குடியிருந்தவர்களையே கணக்கில் சேர்க்க வேண்டும். நடைமுறையிலோ வெளியூர் நோயாளி சென்னையில் உள்ள அண்ணன் வீட்டு முகவரியைக் கொடுப்பது வெகு இயல்பு. பதிவகப் பணியாளர் வீட்டாரிடம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்காவிட்டால் அந்த நோயாளி சென்னைவாசியாகிவிடுவார்.

வகுக்கும் எண்ணும் அதே அளவுக்கு ஏமாற்றக்கூடியது. சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. நோயாளிகளைப் புதிய எல்லைப்படி எண்ணிவிட்டு மக்கள்தொகையைப் பழைய எல்லைப்படி எடுத்தால், அந்த ஆண்டு ஒரு பெரிய ‘எழுச்சி’ தோன்றும். இந்தியாவின் கடைசி முழுமையான கணக்கெடுப்பும் 2011-இல் நடந்ததே என்பதால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் வீதங்கள் யாவும் முன்கணிக்கப்பட்ட மக்கள்தொகையின் மீது நிற்கின்றன. வேகமாகக் குடியேற்றம் நடக்கும் புறநகரில் அந்த முன்கணிப்பு குறைவாக இருந்தால் வீதம் பொய்யாக உயரும்.

வயது சீராக்கம் என்ற சொல்லைக் கண்டதும் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் அச்சம் தீரும். கற்பனையாக இரு ஊர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பத்து லட்சம் பேர். முதல் ஊரில் அறுபது வயதுக்கு உட்பட்டோர் 9 லட்சம், மேற்பட்டோர் 1 லட்சம். இரண்டாம் ஊரில் இளையோர் வேலை தேடி வெளியேறிவிட்டதால் 7 லட்சமும் 3 லட்சமும். நோய் வரும் வாய்ப்பு இரு ஊர்களிலும் ஒன்றே: அறுபதுக்குக் கீழ் லட்சத்துக்கு 3, மேலே லட்சத்துக்கு 20. முதல் ஊரில் 27-உம் 20-உம் சேர்ந்து 47 நோயாளிகள். இரண்டாம் ஊரில் 21-உம் 60-உம் சேர்ந்து 81 நோயாளிகள். ஒட்டுமொத்த வீதம் 4.7 என்றும் 8.1 என்றும் வருகிறது. எந்த வயதுக்காரருக்கும் இரண்டாம் ஊரில் கூடுதல் ஆபத்து இல்லை. ஊர் மூத்திருக்கிறது, அவ்வளவுதான். வயதுவாரி வீதங்களை ஒரே பொது மக்கள்தொகையின் மீது பொருத்தி மீண்டும் கூட்டினால் இரண்டும் சமமாகும். அதுவே வயது சீராக்கிய வீதம்.

எந்தப் பொது மக்கள்தொகை என்பதில் இன்னொரு பொறி இருக்கிறது. இந்தியப் பதிவகங்களும் பன்னாட்டு முகமையும் ‘உலகத் தர மக்கள்தொகை’ எனப்படும் பழைய கட்டமைப்பைப் பயன்படுத்துகின்றன. அதில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் 7 சதவீதம், 15 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் 31 சதவீதம். அமெரிக்கா தன் 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகையைத் தரமாக வைத்திருக்கிறது. அதில் முதியோர் 12 சதவீதத்துக்கும் மேல். அமெரிக்க அறிக்கைகளில் காணும் லட்சத்துக்குச் சுமார் 14 என்ற லுகேமியா வீதத்தை இந்தியப் பதிவகத்தின் எண்ணோடு நேராக ஒப்பிடுவது, படியால் அளந்த அரிசியைக் கிலோவால் அளந்த அரிசியோடு ஒப்பிடுவதைப் போன்றது. அட்டவணையின் அடியில் சிறு எழுத்தில் தரத்தின் பெயர் இருக்கும். இல்லையென்றால் அந்த அட்டவணையை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். குழந்தைகளுக்கான வீதம் பெரும்பாலும் பத்து லட்சத்துக்கு என்று தரப்படும் என்பதையும் கவனியுங்கள். 2001 முதல் 2010 வரை உலகப் பதிவகங்களைத் தொகுத்த ஆய்வில் 15 வயதுக்குட்பட்டோரின் லுகேமியா வீதம் பத்து லட்சத்துக்கு 46.4. இதை லட்சத்துக்கு என்று படித்துவிட்டால் பத்து மடங்கு பீதி கிளம்பும்.

எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது வீதத்தைவிட வர்க்கமூலமே நல்ல வழிகாட்டி. ஒரு தாலுகாவில் ஐந்தாண்டில் 16 நோயாளிகள் என்றால், 16-இன் வர்க்கமூலம் 4, அதை இரட்டித்தால் 8. ஆகவே எந்தக் காரணமும் மாறாமலேயே அந்த எண் தற்செயலாக 8-லிருந்து 24 வரை ஆடலாம். அடுத்த தாலுகாவில் 23 பேர் என்ற செய்தி இந்த வீச்சுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கச்சிதமான கணக்கு சற்றே மாறுபடும் என்றாலும் பேருந்தில் அமர்ந்தபடி செய்தித்தாளைச் சோதிக்க இது போதும்.

இவ்வளவு சல்லடையில் சலித்த பின்னும் சில வேறுபாடுகள் மேலே தங்கும். அவையே உண்மையானவை, சுவையானவையும்கூட. சி.எல்.எல். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் முதியோரிடம் வெகுவாகக் காணப்படுகிறது. ஜப்பான், சீனா, கொரியா ஆகிய நாடுகளில் பல மடங்கு குறைவு, இந்தியாவிலும் குறைவு. இது கண்டறிதலில் உள்ள குறையாக இருக்கலாமே என்று கேட்பது நியாயம். ஜப்பான் பரிசோதனை வசதி குறைந்த நாடு அன்று; அதைவிட வலுவான சான்று புலம்பெயர்ந்தோரிடம் கிடைக்கிறது. அமெரிக்காவில் குடியேறிய ஆசியர்களிடமும் அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடமும் இந்த நோய் குறைவாகவே இருக்கிறது. நாடு மாறியும் வீதம் மாறாதபோது, காரணம் பெருமளவு மரபில் இருக்கிறது என்று கொள்ளலாம். புலம்பெயர்ந்தோரைப் பார் என்ற இந்தச் சோதனை, வட்டார வேறுபாடு எதற்கும் பயன்படக்கூடிய ஒன்று.

தென்மேற்கு ஜப்பானின் கியூஷு தீவு இதற்கு நேர் எதிரான கதை. அங்கே பெரியவர்களுக்கு வரும் ஒரு டி-செல் லுகேமியா (டி-செல் என்பது வெள்ளணுவில் ஒரு வகை) கூட்டமாகத் தென்பட்டதை 1977-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். நோயாளிகள் எங்கே பிறந்தவர்கள் என்று கேட்டதே திறவுகோலாயிற்று. பின்னர் ஹெச்.டி.எல்.வி.-1 என்ற வைரஸே காரணம் என்று தெரிந்தது. தாய்ப்பால் வழியே குழந்தைக்குச் சென்று, பல பத்தாண்டுகள் உறங்கி, தொற்றியவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கே நோயாக வெளிப்படும் வைரஸ் அது. கரீபியன் தீவுகளிலும் இதே வைரஸும் இதே நோயும் சேர்ந்தே காணப்படுகின்றன. வசிக்கும் ஊரையன்றிப் பிறந்த ஊரையும் பதிவேட்டில் குறித்து வைப்பதன் பயன் இங்கே தெரிகிறது.

எண் குறைவாக இருக்கும் இடத்தைக் கண்டு நிம்மதி அடைவதிலும் அவசரம் வேண்டாம். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் குழந்தைகளின் ஏ.எல்.எல். வீதம் மிகக் குறைவாகப் பதிவாகிறது. காய்ச்சல், வெளிறிய தோல், ரத்தக்கசிவு ஆகிய அறிகுறிகளோடு வரும் குழந்தை மலேரியாவாகவோ தொற்றாகவோ கருதப்பட்டு, ரத்தப் படலம் நுண்ணோக்கியில் பார்க்கப்படும் முன்பே இறந்துவிட்டால், அந்தக் குழந்தை எந்தப் பதிவகத்திலும் இல்லை. இந்தியாவில் இதே இடைவெளி ஆண் பெண் விகிதத்தில் தலைகாட்டுகிறது: நம் பதிவகங்களில் சிறுவர்களின் லுகேமியா வீதம் சிறுமிகளின் வீதத்தைவிட உயர்ந்திருக்கும் அளவு, மேலை நாடுகளில் காண்பதைவிடப் பெரிது. உடற்கூற்றால் மட்டும் அதை விளக்க முடியாது. எந்தக் குழந்தையை நகரத்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. எந்தப் பதிவகத்திலும் ஆண், பெண் பத்திகளைத் தனித்தனியே பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். கூடவே, பதிவு எவ்வளவு நம்பகமானது என்று அறிய, நுண்ணோக்கியால் உறுதிசெய்யப்பட்டவர்களின் சதவீதத்தையும் இறப்புச் சான்றிதழால் மட்டுமே தெரியவந்தவர்களின் சதவீதத்தையும் பார்த்துவிடுங்கள்.

காலப்போக்கைப் படிக்கும்போது நோயின் வரையறை எப்போது மாறியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஏ.எம்.எல். என்று சொல்ல மஜ்ஜையில் முதிராச் செல்கள் 30 சதவீதம் வேண்டும் என்ற பழைய எல்லையை, உலக சுகாதார நிறுவனத்தின் 2001 வகைப்பாடு 20 சதவீதமாகக் குறைத்தது. முந்தைய ஆண்டு வரை வேறு பெயரில் இருந்த சிலர் அதன் பின் லுகேமியா பத்திக்குள் வந்தார்கள். சி.எல்.எல்.-இன் ஏற்றத்தில் ஒரு பகுதி, வேறு காரணத்துக்காக எடுக்கப்பட்ட சாதாரண ரத்தப் பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவந்தவர்களால் உண்டானது. 2020-இல் பல நாடுகளில் தோன்றும் பள்ளமோ பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனைக்கு வராதவர்களின் நிழல். அறிக்கையின் கடைசி ஓரிரு ஆண்டுகள், தாமதமாக வந்து சேரும் பதிவுகளால் பின்னர் சற்று உயரும் என்பதால், ‘அண்மையில் குறைகிறது’ என்ற முடிவை அவற்றின் மீது கட்டக் கூடாது.

சி.எம்.எல். கற்றுத்தரும் பாடம் வேறு. 2001-இல் இமாடினிப் மருந்து வந்த பின், முன்பு சில ஆண்டுகளில் இறந்திருக்கக்கூடிய நோயாளிகள் நெடுங்காலம் வாழ்கிறார்கள். ஆண்டுதோறும் புதிதாக வருவோர் எண்ணிக்கை பெரிதாக மாறாதபோதும், நோயோடு வாழ்வோரின் மொத்தம் ஏறிக்கொண்டே போகிறது. வெளிநோயாளர் பிரிவின் கூட்டத்தைப் பார்த்து நோய் பெருகிவிட்டது என்று சொல்பவர், நிகழ்வையும் (புதிதாக நோய் வருவோர்) இருப்பையும் (நோயோடு வாழ்வோர்) குழப்பிக்கொள்கிறார். அந்தக் கூட்டம் மருந்து வேலை செய்வதன் அடையாளம்.

கடைசியாக, ‘எங்கள் தெருவில் மட்டும் நான்கு பேர்’ என்ற செய்தி. இங்கிலாந்தில் செல்லாஃபீல்டு அணு நிலையத்தை அடுத்த சீஸ்கேல் சிற்றூரில் குழந்தைகளின் லுகேமியா மிகுந்திருப்பதை 1983-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வெளிப்படுத்தியது. அரசுக் குழுவின் 1984 அறிக்கை மிகுதி உண்மைதான் என்று ஏற்றது, ஆனால் வெளியான கதிரியக்கத்தின் அளவு அதை விளக்கப் போதாது என்றது. ஒதுங்கிய ஊரில் வெளியாட்கள் திரளாகக் குடியேறியதால் பரவிய ஏதோ ஒரு தொற்று என்ற கருதுகோளும் முன்வைக்கப்பட்டது. இப்படிப்பட்ட இடத்தில் எல்லையையும் வயதையும் ஆண்டுகளையும் முதலில் எழுதி வைத்துவிட்டு அதற்குப் பின் எண்ண வேண்டும். நோயாளிகளின் வீடுகளைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு எண்ணினால் எந்த ஊரிலும் கூட்டம் கிடைக்கும்.

கேரளத்தின் கருநாகப்பள்ளியில் அப்படி முறையாகவே எண்ணினார்கள். மோனசைட் என்ற கதிரியக்கத் தாது கலந்த மணலால் இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த அந்தக் கடலோரத்துக்கென்றே 1990-இல் ஒரு பதிவகம் தொடங்கப்பட்டது. 30 முதல் 84 வயது வரையிலான 69,958 பேரை 2005 வரை தொடர்ந்து கவனித்ததில் 1,379 புற்றுநோயாளிகள் தெரியவந்தார்கள். அவர்களில் லுகேமியா நோயாளிகள் 30 பேர். கதிர்வீச்சு மிகுந்த வீடுகளில் வாழ்ந்தோரிடம் நோய் மிகுந்திருக்கவில்லை என்று 2009-இல் வெளியான முடிவு கூறியது. இப்போது பென்சிலை எடுத்து 30-இன் வர்க்கமூலத்தை இரட்டித்துப் பாருங்கள்: ஏறத்தாழ 11. அதாவது 19-லிருந்து 41 வரையிலான வீச்சு. அதையும் கதிர்வீச்சு அளவுப்படி நான்கைந்து பிரிவாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே மிஞ்சுவர். பெரிய ஆபத்து ஒன்று இருந்திருந்தால் இந்த ஆய்வின் கண்ணுக்குத் தப்பியிருக்காது என்று உறுதியாகச் சொல்லலாம். லுகேமியாவில் சிறிய ஆபத்துகூட இல்லை என்று சொல்ல 30 பேர் போதமாட்டார்கள்.