தப்பான நம்பிக்கையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் பிளஸ் டூ மாணவி ஒருத்தி ஒரே கட்டுரையில் நாலு இடத்தில் ‘ராங் அண்டர்ஸ்டேண்டிங்’ என்று எழுதியிருந்தாள். ‘தவறான புரிதல்’ என்பதை அப்படியே மாற்றிவிட்டாள். இலக்கணம் சரிதான், ஆனால் காதுக்கு ஒட்டாது. எந்தச் சொல்லோடு எது சேரும் என்று ஜோடியாகவே படிக்க வேண்டும்.

ஊரே நம்புகிற தப்பு ‘மிஸ்கன்செப்ஷன்’. முன்னால் ‘காமன்’ போடுங்கள். இரண்டு பேருக்கு நடுவில் வரும் குழப்பம் ‘மிஸ்அண்டர்ஸ்டேண்டிங்’; பேசித் தீர்ப்பது ‘கிளியர் அப்’. கட்டுக்கதை ‘மித்’; அது பொய் என்று காட்டுவது ‘டிஸ்பெல்’ அல்லது ‘டீபங்க்’. பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ‘ரிமூவ்’ போடுகிறார்கள், வேண்டாம்.

நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று பணிவாகச் சொல்ல, ‘ஐ வாஸ் அண்டர் தி இம்ப்ரெஷன் தட்…’ பாண்டிச்சேரி பஸ் இங்கே நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை: அந்த ‘வாஸ்’ போட்டாலே நினைத்தது நடக்கவில்லை என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். ‘இன் தி இம்ப்ரெஷன்’ என்று எழுதாதீர்கள். அவசர முடிவுக்கு ‘ஜம்ப் டு கன்க்ளூஷன்ஸ்’, கடைசி ‘ஸ்’ஸோடு.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ஃபால்ஸ் சென்ஸ் ஆஃப் செக்யூரிட்டி’. ஆபத்து போய்விட்டது என்ற பொய்யான நிம்மதி. இதைப் புரியவைக்க எங்கள் ஊர்க்காரர்களிடம் ‘தானே’ புயலைச் சொன்னால் போதும். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. புயலின் கண் ஓர் இடத்தைக் கடக்கும்போது காற்று சட்டென்று ஓயும். முடிந்தது என்று நம்பி வெளியே வந்தால், எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். இந்தத் தொடரோடு சேரும் வினைச்சொல் ‘லல்’, அதாவது தாலாட்டித் தூங்கவைப்பது. ‘வீ வேர் லல்ட் இன்டு எ ஃபால்ஸ் சென்ஸ் ஆஃப் செக்யூரிட்டி.’ புயலுக்கு நடுவில் காற்று ஓயும் அந்த நேரத்துக்கும் ஆங்கிலத்தில் ‘லல்’ என்றுதான் பெயர். இதைச் சொன்ன பிறகு ஒரு பிள்ளையும் மறக்கவில்லை.

ஜோடி ஒவ்வொன்றுக்கும் உங்கள் தெருவில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். அந்த மாணவிக்கு வீடு தேவனாம்பட்டினம், கடற்கரைப் பக்கம். மறுநாள் எழுதிக்கொண்டு வந்தாள்: ‘இட் ஈஸ் எ காமன் மிஸ்கன்செப்ஷன் தட் எ சுனாமி ஈஸ் எ சிங்கிள் வேவ்.’