காவிரி நீரின் தரத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து பதிவு செய்யும் முறை

கொடுமுடியைத் தாண்டியபின் காவிரியில் நொய்யல் கலக்கிறது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் வழியே வந்ததால், 2011-இல் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் ஆறு எவ்வளவு தேறியது என்று கேட்பவருக்கு, அந்த ஆண்டுக்கு முன்பும் பின்பும் ஒரே முறையில் எடுத்த அளவீடுகளே விடை தரும். அத்தகைய பதிவைத் தொடங்கும் முறை இது.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்
ஓரிடம் கொடுமுடியில் இருக்கட்டும். மற்றொன்று நொய்யல் கலந்த பிறகு வரவேண்டும். துணையாற்று நீர் உடனே கலந்துவிடாமல் வலக்கரையை ஒட்டிச் சிறிது தூரம் தனியே ஓடும் என்பதால், பரிசலில் கரைக்குக் கரை சென்று, நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனை அளந்து, எண்கள் ஏறக்குறைய ஒன்றாக வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: நேரத்தை மாற்றாதீர்கள்
மாதம் ஒருமுறை, அதே மணிக்குச் செல்லுங்கள். கரைந்த ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன் குறைந்தும், பாசியின் ஒளிச்சேர்க்கையால் பிற்பகலில் கூடியும் இருக்கும். மேலும், 25 டிகிரி செல்சியஸ் நீர் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.6 ஆகிவிடும். நேரத்தைக் குறிக்காத ஆக்சிஜன் அளவு, என் கருத்தில், பதிவேட்டில் ஏறத் தகுதியற்றது.

படி 3: அளவிடுங்கள்
மின்கடத்துத்திறன் மீட்டரை ஒவ்வொரு முறையும் 1413 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. என்று கடத்துத்திறன் முன்பே தெரிந்த நியமக் கரைசலில் சரிபார்த்த பிறகே ஆற்றில் இறக்குங்கள். ஆக்சிஜனுக்கான மாதிரிக் குப்பியில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கான (கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அங்கு 27 டிகிரியில் 3 நாள் வைக்கிறார்களா, 20 டிகிரியில் 5 நாளா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: நீரோட்டத்தையும் எழுதுங்கள்
மேட்டூரில் கூடுதலாக நீர் திறந்தால் உப்பு நீர்த்துப்போய், கழிவு குறையாமலே எண் குறையும். எனவே அன்றைய நீரோட்டத்தைக் கன அடியில் சேர்த்தெழுதி, உப்பின் செறிவை அதனுடன் பெருக்கி, ஆறு சுமந்த உப்பின் மொத்த அளவையும் கணக்கிடுங்கள். ஜூன் மாதத்தை ஜூனோடுதான் ஒப்பிட வேண்டும்.

படி 5: கருவி மாறும்போது
பழைய கருவியை உடனே ஒதுக்காமல், எல்லாப் பருவங்களும் அடங்கும்படி ஓராண்டு இரண்டாலும் அளந்து, வேறுபாட்டைப் பதிவேட்டில் எழுதுங்கள். பொருந்தாத எண்ணையும் அழிக்க வேண்டாம்; பக்கத்தில் ஐயக்குறி இட்டு, அன்றைய மழை, வெள்ளம், அணைத் திறப்பு ஆகியவற்றைக் குறித்தால் போதும்.