வாஷ்பேசின் மேடையை ஒழுங்குபடுத்தி அழகாக வைத்திருப்பது எப்படி?

இப்போது கட்டப்படும் அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக்குள்ளோ சாப்பாட்டு அறையின் ஓரத்திலோ வாஷ்பேசின் பதித்த கல் மேடை ஒன்று ஏறக்குறைய தவறாமல் இருக்கிறது. மூன்று அல்லது நான்கு அடி நீளமே உள்ள அந்த இடத்தில்தான் பல் துலக்குவது முதல் பொட்டு வைத்துக்கொள்வது வரை வீட்டிலுள்ள எல்லோருடைய காலை வேலைகளும் நடக்கின்றன. அதை அழகுபடுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் இணையத்தில் பார்த்த படங்களிலிருந்து தொடங்குகிறார்கள்: வெள்ளைக் கல், மூங்கில் தட்டு, மெழுகுவர்த்தி, சுருட்டி அடுக்கிய துண்டுகள். அந்தப் படங்களில் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடப் பார்க்க முடியாது. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் மாறி மாறி வரும் சென்னை வீட்டில், தண்ணீர் எங்கே தெறிக்கிறது, எங்கே தேங்குகிறது என்று பார்க்காமல் வைத்த அலங்காரப் பொருள் எதுவானாலும் இரண்டே மாதத்தில் வெள்ளை பூத்து நிற்கும். ஆகவே இங்கே தண்ணீரை முதலிலும் அலங்காரத்தைக் கடைசியிலும் எடுத்துக்கொள்வோம்.

கல்லும் தண்ணீரும்

மேடையில் படியும் அந்த வெள்ளைப் படிவு, தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் நீர் ஆவியான பின் தங்கிவிடுவதால் உண்டாவது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது, வேறு நீர் ஆதாரம் இல்லாத இடங்களில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. குழாயின் நுனியில் உள்ள வலையைக் கழற்றிப் பாருங்கள். அதில் வெள்ளைத் துகள்கள் அடைத்திருந்தால் உங்கள் வீட்டுத் தண்ணீர் கடினமானது. எந்தச் சோதனைச் சாலைக்கும் போகாமலே அதைத் தெரிந்துகொள்ளலாம்.

கடினத் தண்ணீர் உள்ள வீட்டில் மேடைக்குக் கருப்பு கிரானைட்டைத் தேர்ந்தெடுப்பது தினமும் துடைக்கும் வேலையை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம். ஒவ்வொரு சொட்டும் காய்ந்தபின் வட்டமாகத் தெரியும். சாம்பல், பழுப்பு, வெள்ளை எனப் பல நிறங்கள் கலந்த கிரானைட்டில் அதே உப்பு கண்ணை உறுத்தாது. ஏற்கெனவே கருப்புக் கல் பதித்தாகிவிட்டது என்றால், கை எட்டும் தூரத்தில் துடைக்கும் துணிக்கு ஒரு கொக்கி மாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

படிந்துவிட்ட உப்பை எடுக்க, வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணியில் நனைத்துக் கறையின் மீது சில நிமிடங்கள் மட்டும் போட்டு வைத்து, நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். கிரானைட்டாக இருந்தாலும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் செய்து பார்ப்பது நல்லது. மேடை மார்பிளாக இருந்தால் வினிகர், எலுமிச்சை, புளி எதுவும் அதன் பக்கமே போகக் கூடாது. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட்டே என்பதால் அமிலம் உப்புக் கறையோடு சேர்த்துக் கல்லின் பளபளப்பையும் தின்றுவிடும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை எந்தக் கல்லின் மீதும் பயன்படுத்த வேண்டாம். குழாயின் குரோமியப் பூச்சு, டைல் இடுக்குகளில் உள்ள சிமெண்ட் இரண்டையும் அது அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ போட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

அடுத்ததாக, தண்ணீர் மேடைக்கு வரும் வழிகளைக் குறைக்க வேண்டும். குழாயின் நீர் பேசினின் நடுப்பகுதியை நோக்கி விழ வேண்டும். குழாய் குட்டையாக இருந்து நீர் பின்சுவரில் மோதினாலும், மிக உயரத்திலிருந்து வேகமாக விழுந்தாலும் தெறிப்பது நிற்காது. நுனி வலையைச் சுத்தம் செய்வதோ புதிதாக மாற்றுவதோ செலவு குறைந்த தீர்வு. பேசினும் கல்லும் சேரும் இடத்திலும், கல்லும் சுவரும் சேரும் இடத்திலும் இடுக்கை அடைக்கப் போட்டிருக்கும் சிலிக்கான் பசை கறுத்தோ பிரிந்தோ இருந்தால், பழையதை முழுவதும் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவைத்து, பூஞ்சை பிடிக்காத வகைச் சிலிக்கானைப் புதிதாகப் போட்டு, ஒரு நாள் முழுவதும் தண்ணீர் படாமல் விட வேண்டும். பழையதன் மேலேயே பூசிவிட்டுப் போகும் பிளம்பரிடம் இதைச் சொல்லிச் செய்ய வைப்பது உங்கள் பொறுப்பு.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு உயரம் பற்றி ஒரு குறிப்பு. கை கழுவும் விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய 80 முதல் 85 செ.மீ. உயரத்தில் இருப்பது பெரும்பாலான பெரியவர்களுக்கு வசதி. கல்லின் மேல் கிண்ணம்போல் உட்காரும் பேசினை வாங்கினால், அந்தப் பேசினின் உயரத்தைக் கழித்துக்கொண்டு கல்லைத் தாழ்வாக அமைக்க வேண்டும். இதை மறந்துவிடும் வீடுகளில் குழந்தைகள் முழங்கை வழியாகத் தண்ணீர் வழியவே கை கழுவுகிறார்கள். மேடை ஈரமாவதற்கு அதுவே காரணமாகவும் இருக்கிறது.

காலி செய்தல்

மேடையில் உள்ள எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் விரித்த பழைய துணியில் வையுங்கள். கல் முழுவதும் காலியாகக் கண்ணில் பட்டால்தான் இடம் உண்மையில் எவ்வளவு என்று புரியும். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது தினமும் இந்த இடத்தில் நின்றுகொண்டு பயன்படுத்துவதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தினமும் பயன்படுத்துவது என்பதும் இந்த இடத்தில் பயன்படுத்துவது என்பதும் வேறு வேறு. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் தினமும் வேண்டியதுதான், ஆனால் அதை யாரும் பேசின் முன் நின்று தேய்ப்பதில்லை. அது அலமாரிக்குப் போகலாம். ஷாம்பு குளிக்கும் பகுதிக்குப் போக வேண்டும். வாரம் ஒருமுறை எடுக்கும் நகவெட்டி, தலைமுடிச் சாயம், முகப் பூச்சு போன்றவை மேடைக்குக் கீழே உள்ள அலமாரியில் ஒரு டப்பாவுக்குள் இருந்தால் போதும்.

சில பொருள்கள் குளியலறைக்குள்ளேயே இருக்கக் கூடாதவை. மாத்திரைகள் அவற்றில் முதன்மையானவை: வெந்நீர் ஆவியும் ஈரமும் மருந்தைக் கெடுக்கும், அட்டையில் அச்சிட்டிருப்பதும் குளிர்ந்த உலர்ந்த இடம் என்பதுதான். சீயக்காய்த் தூள், பயத்த மாவு, கஸ்தூரி மஞ்சள் ஆகியவை ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும், வண்டும் வைக்கும். இவற்றை மொத்தமாகச் சமையலறை அலமாரியில் வைத்துக்கொண்டு, ஒரு வாரத்திற்கு வேண்டியதை மட்டும் இறுக்கமான மூடியுள்ள சிறு டப்பாவில் குளியலறைக்குக் கொண்டுவருவது நல்லது. டப்பாவுக்குள் ஈரக் கை போகாமல் ஒரு கரண்டியும் இருக்கட்டும். மஞ்சள் டப்பாவை வெளிர் நிறக் கல்லின் மீது நேரடியாக வைக்கவே வேண்டாம்.

க்ரீம், லோஷன் புட்டிகளின் பின்புறத்தில் திறந்த மூடியுள்ள ஒரு சிறு டப்பாவின் படமும் அதனுள் 6, 12, 24 போன்ற ஓர் எண்ணும் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதங்களுக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும் என்பதையே அது குறிக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துக் கழித்தாலே மேடையில் கணிசமான இடம் மீளும். விடுதிகளில் தங்கும்போது எடுத்து வந்த சின்னஞ்சிறு ஷாம்பு புட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்ப வைத்தல்

இப்போது குழாயைத் திறந்து, வழக்கம்போல் முகம் கழுவிவிட்டு, மேடையில் எதுவரை நனைந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த ஈர எல்லைக்குள் கை கழுவும் சோப்பைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையில் உள்ள ஒரே கண்டிப்பான விதி. அந்தச் சோப்பும் திரவமாக இருந்தால் புட்டியில் இருக்கட்டும். கட்டிச் சோப்பு என்றால், நீர் பேசினுக்குள்ளேயே வடியும்படி சாய்வும் துளையும் உள்ள தட்டில் இருக்கட்டும். அடியில் தண்ணீர் தேங்கும் மூடிய சோப்பு டப்பா பயணத்திற்கு மட்டுமே உரியது.

பல் துலக்கும் பிரஷ்கள் நிமிர்ந்து, ஒன்றையொன்று தொடாமல், காற்றுபட நிற்க வேண்டும். மூடி போட்டு வைத்தால் சுத்தம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஈரமான பிரஷை மூடி வைப்பது கிருமிகள் பெருகுவதற்கே வழி செய்யும். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து பிரஷ்களையும் ஒரே டம்ளரில் போட்டு வைப்பதை விட்டு, தனித்தனித் துளைகள் உள்ள தாங்கியைச் சுவரில் மாட்டுவது மேல். பெரியவர்கள் வேப்பங்குச்சி, பற்பொடி, நாக்கு வழிக்கும் கம்பி ஆகியவற்றைப் பயன்படுத்தினால் அவற்றுக்கும் அதே தாங்கியில் இடம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் அவை மேடைக்கே திரும்பி வரும். கழிப்பறையும் பேசினும் ஒரே அறைக்குள் இருந்தால், தாங்கியைக் கோப்பையிலிருந்து முடிந்த அளவு தள்ளி மாட்டி, தண்ணீர் விடும் முன் மூடியைக் கவிழ்க்கும் பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

மீதமுள்ள தினசரிப் பொருள்களை உலர்ந்த ஓரத்தில் ஒரே தட்டில் சேர்த்து வையுங்கள். கல்லின் மீது ஆறு புட்டிகள் தனித்தனியாக நின்றால் துடைக்கும்போது ஆறையும் தூக்க வேண்டும். தட்டில் இருந்தால் ஒரு முறை தூக்கினால் போதும். பார்வைக்கும் அவை ஆறாகத் தெரியாமல் ஒரு தொகுப்பாகத் தெரியும். தட்டுக்குச் சிறு கால்கள் இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் ஈரம் தேங்கிக் கல்லில் கறை விழும். மரத்தட்டு என்றால் தேக்கு தாங்கும். பிளைவுட் ஈரத்தில் ஊதிப்போகும், பிரம்பு பூஞ்சை பிடிக்கும். எவர்சில்வர் வாங்கும்போது 304 தரமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 202 தரம், கடற்கரையை ஒட்டிய ஊர்களிலும் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளிலும் சீக்கிரம் துருப்புள்ளி காட்டும். பழைய பித்தளைத் தாம்பாளம் மிக அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதைப் புளி போட்டுத் தேய்க்க யார் இருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டு வைக்க வேண்டும். அப்படித் தேய்ப்பதையும் மார்பிள் மேடையில் வைத்துச் செய்யக் கூடாது.

மேடையின் பாரத்தைக் குறைக்கச் சுவரே நல்ல துணை. கதவில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த, 10 முதல் 15 செ.மீ. ஆழமுள்ள அலமாரி ஒன்றைப் பேசினுக்கு மேல் மாட்டினால், சவரச் சாமான்களும் முகப் பூச்சுகளும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். கூட்டுக் குடும்பத்தில் அதன் ஒவ்வொரு தட்டும் ஒருவருக்கு என்று பிரித்துக்கொடுத்தால் சச்சரவு குறையும். ஸ்டிக்கர் பொட்டுகளுக்குக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சிறிய டைல் துண்டையோ அட்டையையோ ஒட்டிவைத்து, பொட்டுகளின் இடம் அதுதான் என்று அறிவித்துவிடலாம். தடை போட்டுப் பார்த்த வீடுகளில் அது பலித்ததில்லை. கண்ணாடியில் ஏற்கெனவே படிந்த பசையின் மீது தேங்காய் எண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டால் துணியாலேயே துடைத்துவிடலாம்.

அலங்காரம்

மேடை காலியாகவும் உலர்ந்தும் இருக்கும் இந்த நிலையில் அலங்காரத்திற்கு ஒரே ஒரு பொருள் போதும், மிஞ்சினால் இரண்டு. உயரமான ஒன்றை மூலையில் வைத்து, தாழ்வான தட்டை அதன் முன்னால் வைத்தால் பார்வைக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கும். புட்டிகளின் விளம்பர வண்ணங்கள் கண்ணை உறுத்தினால், திரவச் சோப்பையும் லோஷனையும் ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிப் புட்டிகளுக்கு மாற்றலாம். எது எது என்று எழுதி ஒட்டுவதையும், காலாவதித் தேதியைக் குறித்து வைப்பதையும் மறக்க வேண்டாம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கண்ணாடிப் புட்டிகளைத் தவிர்த்துவிடலாம்.

செடி வைப்பதாக இருந்தால் மணி பிளாண்ட் குறைந்த வெளிச்சத்திலும் பிழைக்கும். ஆனால் அதைத் தண்ணீர்ப் புட்டியில் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது; நம் ஊர் வெப்பத்தில் அந்த முட்டை ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் கொசுவாகிவிடும். முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிப் புட்டியின் உள்சுவரில் ஒட்டிக்கொள்வதால், வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுவதோடு உள்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்கவும் வேண்டும். இது தொல்லை என்று தோன்றினால் செடியை மண்ணிலேயே வளர்க்கலாம், ஆனால் தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நிற்க விடக் கூடாது. மணி பிளாண்ட் இலையைக் குழந்தையோ வீட்டுப் பூனையோ மென்றால் வாய் எரியும், எனவே அதற்கு எட்டாத உயரம் வேண்டும்.

விளக்கைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. உச்சியில் ஒற்றை விளக்கு இருந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து முகம் களைத்துத் தெரியும். கண்ணாடியின் இருபுறமும் முக உயரத்தில் 4000 கெல்வின் அளவிலான (அதிக மஞ்சளும் அதிக நீலமும் இல்லாத வெள்ளை ஒளி) எல்.இ.டி. விளக்குகள் இருந்தால் சவரம் செய்வதும் மையிடுவதும் எளிதாகும், கல்லின் நிறமும் சரியாகத் தெரியும். ஹேர் டிரையருக்கான பிளக்கைத் தண்ணீர் தெறிக்காத பக்கத்தில் வைத்து, அந்த இணைப்புக்கு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பாதுகாப்பு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வாடகை வீட்டில் துளை போட அனுமதி இல்லையென்றால், ஒட்டும் கொக்கிகளை மழமழப்பான டைலின் மீது மட்டும் ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தை முதலில் வினிகர் நீரால் துடைத்து உப்பை நீக்கி, கழுவி, முழுவதும் காயவைத்து, ஒட்டிய பின் ஒரு நாள் எடை ஏற்றாமல் விட்டால் அவை நெடுநாள் தாங்கும். வீடு காலி செய்யும்போது ஹேர் டிரையரின் சூட்டைக் காட்டி, பசை இளகியதும் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினால் டைலில் தடம் இல்லாமல் வந்துவிடும்.