மரத்தரைக்கு அடியில் என்ன விரிப்பது?

மரப்பலகைத் தரை போடக் கொட்டேஷன் வாங்கினால் கடைசி வரியில் ‘ஃபோம் உட்பட’ என்று இருக்கும். பலகைக்கு அடியில் விரிக்கும் மெத்தென்ற அடுக்கைத்தான் (அண்டர்லே) அப்படிச் சொல்கிறார்கள். அது எந்த ஃபோம், எத்தனை மில்லிமீட்டர், ஓதம் தடுக்கும் ஷீட் அதோடு வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை, பலகையின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே தெம்பெல்லாம் போய்விடுகிறது. கேளுங்கள்.

அதற்கு முன்னால் இப்போதிருக்கும் தரையைப் பாருங்கள். தரைத்தள வீடு, அதுவும் பழைய சிமென்ட் தரை என்றால் மண்ணிலிருந்து ஓதம் ஏற வாய்ப்பு அதிகம். ஒன்றரை அடிச் சதுரமாகப் பாலித்தீன் துண்டு ஒன்றை வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது அடியில் வியர்த்திருந்தாலோ அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது. மே மாதத்தில் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், ஐப்பசி கார்த்திகையில்தான் தரையின் குணம் தெரியும். லேசான ஓதம் என்றால் 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டை முதலில் விரித்து, ஒன்றின் மேல் ஒன்று 20 செ.மீ. ஏறும்படி போட்டு டேப் ஒட்டி, சுவரோரம் கொஞ்சம் மேலே மடித்துவிட்டு, அதன் மேல் அண்டர்லே. ஈரம் நிற்காமல் கசிகிற தரைக்கு எந்த ஷீட்டும் உதவாது, கசிவை அடைத்த பிறகுதான் மரம்.

அடுத்தது மட்டம். நேரான அலுமினியப் பட்டியை வைத்துப் பார்த்தால் 2 மீட்டருக்கு 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருக்கக் கூடாது. ‘ஃபோம் போட்டால் சரியாகிடும் சார்’ என்பார்கள். ஆகாது. பள்ளத்தின் மேல் கால் வைக்கும்போதெல்லாம் பலகை அமுங்கி எழும், நாளடைவில் பலகைகளை இணைக்கும் கிளிக் லாக் நாக்கு ஒடிந்து இடைவெளி விடும். லெவலிங் கலவை ஊற்றி மட்டம் செய்வதுதான் வழி.

அண்டர்லேயின் தடிமன் கூடினால் நல்லது என்ற நினைப்பும் தப்பு. 8 மி.மீ. லேமினேட்டுக்கு (அழுத்திய மரநார்ப் பலகையின் மேல் மர டிசைன் ஒட்டியது) 2 அல்லது 3 மி.மீ. போதும், இரண்டு அடுக்கு போடவே வேண்டாம். கடையில் சாம்பிளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பாருங்கள், காகிதமாகச் சப்பையாகிவிட்டால் பீரோவின் கால் அதை என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த வெள்ளை இபிஇ ஃபோம் (பாலித்தீன் நுரை) அப்படித்தான், ஆள் அதிகம் புழங்காத அறைக்குச் சரி. ஹாலுக்கு அதே பாலித்தீன் நுரையில் கொஞ்சம் கெட்டியான ஐஎக்ஸ்பிஇ வாங்கலாம். மாடி ஃபிளாட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கிறது என்றால் கார்க் (தக்கை) நன்றாகவே வேலை செய்யும், விலைதான் கூடுதல். ஓதத் தரையில் அடியில் ஷீட் இல்லாமல் கார்க்கைப் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ரப்பரும் சத்தத்தை அடக்கும், ஆனால் வினைல் பலகைக்குக் கீழே போட்டால் கறை ஏறலாம்.

எஸ்பிசி பலகை (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) வாங்கினால் திருப்பிப் பாருங்கள், முதுகிலேயே ஃபோம் ஒட்டியிருந்தால் பொதுவாகத் தனி அண்டர்லே வேண்டாம். பசையால் தரையில் ஒட்டும் இன்ஜினியர்டு வுட்டுக்கும் (அடுக்குப் பலகையின் மேல் அசல் மரம் ஒட்டியது) இந்த ஃபோம் தேவையில்லை.

விரிக்கும்போது ஃபோமை ஓரத்தோடு ஓரம் சேர்த்து வையுங்கள், மேலேற்ற வேண்டாம். அப்புறம், 3 மி.மீ. அண்டர்லே, 8 மி.மீ. பலகை என்றால் தரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயர்கிறது. கதவு இடிக்குமா என்று முன்னாடியே பார்த்து, இடிக்கும் என்றால் தச்சரை அழைத்து அடியைச் சீவிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.